ஆடிக் காற்றும் அம்மியும்: நல்லம்பள்ளி வட்டார இழுவைப் பட்டவியல் பற்றி ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், அம்மி எத்தனை கிலோ, காற்று எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பழமொழியை வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னார்களே தவிர, அம்மியைக் காற்றில் அமைத்துப் பார்க்க எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அந்தக் குறையைப் போக்க வந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் நல்லம்பள்ளி. தருமபுரியிலிருந்து சேலம் போகிற பேருந்தில் ஏறினால் அதியமான்கோட்டையைத் தாண்டியதும் வந்துவிடும். களத்தைத் தேர்ந்ததற்கான காரணத்தை இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவது ஆய்வேட்டு மரபு. நாம் ஒரே வரியில் முடிப்போம்: அங்கே செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. பட்டத்துக்கும் ஆட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் அலகு பற்றிய பகுதிவரை பொறுத்திருக்க வேண்டும்.

இழுவைப் பட்டம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிவிடுவோம். நம் பையன்கள் செய்தித்தாளைச் சதுரமாகக் கிழித்து, தென்னை ஈர்க்கில் ஒன்றை நெட்டுக்கு வைத்து இன்னொன்றை வில்லாய் வளைத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பழைய வேட்டிக் கிழிசலில் வால் கட்டி விடுகிறார்களே, அது உயரத்துக்கான பட்டம். நூல் தீரும் வரை மேலே போவதுதான் அதன் பெருமை. இழுவைப் பட்டத்துக்கு உயரத்தில் நாட்டமே கிடையாது. இருபது, இருபத்தைந்து மீட்டர் நூலுக்கு மேல் கேட்காது. குச்சியும் கிடையாது. நைலான் துணியை அறை அறையாகத் தைத்திருப்பார்கள். முன்விளிம்பில் உள்ள திறப்புகள் வழியே காற்று புகுந்து உப்பியதும் அது விமான இறக்கையின் வடிவுக்கு வந்துவிடும். 1960-களில் அமெரிக்காவில் டாமினா ஜால்பர்ட் கண்டுபிடித்த அமைப்பு இது. நூல் நாலு, கைப்பிடி இரண்டு. மேல் நூல்கள் இழுவைக்கு, கீழ் நூல்கள் பிரேக்குக்கு. மறுமுனையில் இருப்பவர் மூன்று சக்கர வண்டி ஒன்றில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தால் முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு பறப்பார். எஞ்சினும் இல்லை, மாடும் இல்லை. இந்த வண்டியைச் சென்ற நூற்றாண்டின் கடைசியில் உலகம் முழுக்கப் பரப்பியவர் நியூசிலாந்தின் பீட்டர் லின்.

மாஞ்சா போட்ட நூல் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே. சென்னையில் அது எத்தனை கழுத்துகளை அறுத்தது என்பது சிரித்துக்கொண்டே எழுதுகிற விஷயமில்லை.

முந்தைய ஆய்வுகள்

நல்லம்பள்ளி அளவில்: இல்லை.

உலக அளவில் இத்துறையின் மூலவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக். 1826-இல் இரண்டு பட்டங்கள் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு அது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் ஓடியதாகச் சொல்கிறார்கள். மனிதர் அதோடு நிற்கவில்லை. தம் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியைப் பட்டத்தில் கட்டி மேலே அனுப்பினார். பெண் பத்திரமாக இறங்கி வந்து, பிற்காலத்தில் டபிள்யூ. ஜி. கிரேஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பெற்றெடுத்தார். நூல் அன்றைக்கு அறுந்திருந்தால் கிரிக்கெட் வரலாறு என்ன ஆகியிருக்கும் என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் உலகெங்கும் சோதனைக்கு ஆளாகிறவர்கள் என்பது மட்டும் இங்கே போதும்.

ஆனால் தமிழரின் பங்களிப்பைத் தேடி பிரிஸ்டல்வரை போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்குப் போனால் போதும். தைப்பொங்கல் அன்று அங்கே கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கிறது. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் என்று வகைக்கொரு பெயர். பட்டத்தில் 'விண்' பூட்டுவார்கள். வில்லில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து ராத்திரி முழுக்கக் கூவும். பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டு, பாயில் படுத்தபடி யாருடைய விண் நன்றாகக் கூவுகிறது என்று வழக்காடிக்கொண்டே தூங்குவது அந்த ஊர் வழக்கம். நாம் சூத்திரம் என்று சொல்லும் முடிச்சுக் கட்டை அவர்கள் முச்சை என்கிறார்கள். முச்சை ஒரு விரற்கடை மாறினால் ஆளுயரப் பட்டம் தலைகுப்புற வந்து மண்ணில் குத்தும்.

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் நடந்ததுதான் நம் துறையின் மிக முக்கியமான களப்பரிசோதனை. பெரிய பட்டம் ஒன்றை இளைஞர்கள் சிலர் வடம் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாடைக்காற்று திடீரென்று வேகம் பிடித்தது. மற்றவர்கள் கையை விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் விடவில்லை. முப்பது, நாற்பது அடி உயரத்தில் அவர் வடத்தில் தொங்கிய காட்சியை உலகமே கைப்பேசியில் பார்த்தது. பட்டம் கொஞ்சம் தணிந்தபோது கீழே விழுந்து, பெரிய காயமில்லாமல் பிழைத்தார்.

அவர் வீரர் என்பாரும் உண்டு, விவரமில்லாதவர் என்பாரும் உண்டு. இரண்டுமே ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்களின் பேச்சு. கூட்டமாக வடம் பிடிக்கும்போது விடுவதென்றால் எல்லோரும் சேர்ந்து விட வேண்டும், ஒருவரும் முந்தக்கூடாது என்ற விதியை நிறுவியவர் அவர். ஊர்த் தேர் இழுக்கிறவர்களுக்கு இது தெரியும். இழுவைப் பட்டக்காரர்கள் இதற்கென்றே மணிக்கட்டில் ஒரு வார் கட்டிக்கொள்கிறார்கள். கைப்பிடியை உதறினால் வார் பிரேக் நூலை மட்டும் பிடித்துக்கொள்ளும். துணி காற்றை இழந்து பொத்தென்று தரையில் விழும். பருத்தித்துறையில் அந்த வார் இருந்திருந்தால் நமக்கு இந்தத் தரவு கிடைத்திருக்காது.

அலகு

இழுவையை நியூட்டனில் அளப்பது மேலைநாட்டு வழக்கம். நல்லம்பள்ளிச் சந்தையில் நியூட்டன் என்றால் யாருக்கும் தெரியாது. ஆடு என்றால் எல்லோருக்கும் தெரியும். விற்றுக் கைமாறிய கிடாவை மினி லாரிப் பக்கம் இழுத்துப் போகிறவரைப் பாருங்கள். கிடா முன்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, கழுத்தைப் பின்னுக்கு வாங்கி, கயிற்றைத் தந்தி போல் விறைக்க வைக்கும். அந்த விறைப்பைப் பத்துக் கிலோ என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஓர் 'ஆட்டிழுப்பு' என்று பெயர் சூட்டுகிறோம். ஆட்டுக்கு ஆடு வித்தியாசப்படுமே என்ற ஆட்சேபம் வரும். வெள்ளைக்காரன் எஞ்சினைக் குதிரையால் அளந்தபோது யாராவது இப்படிக் கேட்டார்களா?

இனிக் கணக்கு. மூன்று சதுர மீட்டர் பட்டம், மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று. அரச இலை விடாமல் சலசலக்கிற காற்று என்று கொள்ளலாம். பட்டம் ஓரிடத்தில் நின்றால் இழுவை நாலு கிலோ சொச்சம். அரை ஆட்டிழுப்புகூட இல்லை, குட்டிதான். காற்று 36 ஆனால் இழுவை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும், பதினேழு கிலோ. விசை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. புதிதாக வருகிறவர் கவிழ்வது இந்த இடத்தில்தான். காற்று கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்று நினைப்பார்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. நிற்கிற பட்டம் வேறு, ஓடுகிற பட்டம் வேறு. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் நமக்கு நேர் எதிரே இழுவை உச்சம். தலைக்கு மேலும் இரு பக்க விளிம்புகளிலும் சொற்பம். கைப்பிடியைச் சாய்த்துப் பட்டத்தை விளிம்பிலிருந்து நடுவுக்குப் பாய விட்டால், துணிமேல் படும் காற்று வெளிக் காற்றைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகிவிடும். மூன்று மடங்கு என்றால் இழுவை ஒன்பது மடங்கு. அதே 18 கிலோமீட்டர்க் காற்றில், அதே துணியில், அரை ஆடு போய் நாலு ஆடு ஆகிவிடும். காற்று 36 என்றால் பதினைந்து ஆடு. இது ஒரு சிறு பட்டி. அதனால்தான் தெரிந்தவர்கள் பட்டத்தை ஓரத்தில் எழுப்பி, தலைக்கு மேல் நிறுத்தி, மூச்சு வாங்கிவிட்டு அப்புறம் நடுவுக்கு இறக்குகிறார்கள். தெரியாதவர்கள் நேரே நடுவில் எழுப்பி, முகம் குப்புறப் போகிறார்கள்.

அம்மிக் கருதுகோள்

குழவியோடு சேர்த்து அம்மி 40 கிலோ. நீளம் அரை மீட்டர், அகலம் கால் மீட்டர். அம்மி தன் முயற்சியால் பறக்க வேண்டுமென்றால், அதை ஒரு நல்ல இறக்கை என்று தாராளமாக மதித்தாலும், மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் காற்று வேண்டும். 1999-இல் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலின் வேகம் 260 சொச்சம் என்று கணித்தார்கள். அந்தப் புயலிலும் அம்மி தரையில்தான் கிடந்திருக்கும். ஆடிக் காற்றுக்கு இது முடிகிற காரியமே அல்ல.

பழமொழியை இந்த இடத்தில் கைவிடுவது எளிது. ஆனால் அம்மி தனியாகப் பறக்கும் என்று பெரியவர்கள் சொல்லவே இல்லை. அம்மியை ஒரு பட்டத்தில் கட்டிவிடுங்கள். காற்று வெறும் 36 கிலோமீட்டர் போதும். நூலின் சாய்வையும் கழித்துப் பார்த்தால் வேண்டியது எட்டேகால் சதுர மீட்டர் துணி. ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்று ஆறேகால் சதுர மீட்டருக்கு வரும். நாலு முழ வேட்டி இரண்டேகாலைத் தாண்டும். ஆக, ஒரு சேலையும் ஒரு வேட்டியும் சேர்ந்தால் அம்மி எழும்பும். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணை அம்மி மிதிக்க வைப்பதற்கும் இதற்கும் தொடர்பு காண முயல்வோரை இவ்வாய்வு ஊக்குவிக்கவில்லை. பருத்தித் துணியின் கண்வழியே காற்று ஒழுகும் என்ற குறையை மட்டும் ஒப்புக்கொள்வோம். கஞ்சி போட்டால் ஓரளவு அடையும்.

களமும் சட்டமும்

காற்று கிடைத்துவிட்டது; இடம்தான் கிடைக்கவில்லை. இழுவைப் பட்டத்துக்குக் கண்ணெட்டும் தூரம் வெட்டவெளி வேண்டும். கடற்கரை மணலோ, அமெரிக்காவின் இவன்பா போல வறண்டு பாளமான ஏரிப் படுகையோ இருந்தால்தான் வண்டி ஓடும். நல்லம்பள்ளிப் பக்கம் அரை ஏக்கருக்கு ஒரு வரப்பு. வரப்பு தாண்டினால் ராகி, ராகி தாண்டினால் சாமந்தி, அதற்கப்பால் தென்னை, தென்னைக்கு மேலே ஈ.பி. லைன். மின்கம்பி தெரிகிற இடத்தில் எந்தப் பட்டத்தையும் எடுக்கக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்தில் கேலி இல்லை. வறண்ட ஏரிகளில் சீமைக்கருவேலம் குடியேறிவிட்டது. அதன் முள் டயரையும் விடாது, துணியையும் விடாது.

எஞ்சியிருப்பது தேசிய நெடுஞ்சாலை 44. போகாக்கின் வண்டியைப் பார்த்துச் சுங்கச்சாவடிக்காரர்கள் திகைத்த கதை உண்டு. குதிரைக்கு இவ்வளவு என்றுதான் கட்டணப் பட்டியல் இருந்தது. பட்டத்துக்கு வரி எழுதியிருக்கவில்லை. காசில்லாமல் போய்விட்டாராம். தொப்பூர்ப் பக்கம் பாளையம் சுங்கச்சாவடியில் அந்தச் சலுகை செல்லுமா, ஃபாஸ்டேக்கை வண்டியில் ஒட்டுவதா, இருபது மீட்டர் தள்ளிப் பறக்கிற துணியில் ஒட்டுவதா என்பன தீர்வு காணாத கேள்விகள். சாவடியைத் தாண்டினால் தொப்பூர்க் கணவாய் இறக்கம். அங்கே பிரேக் பிடிக்காத வண்டிகள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு உண்டு.

சட்டம் இன்னும் சுவையானது. 1934-ஆம் ஆண்டின் இந்திய விமானச் சட்டம் பலூன், கிளைடர் ஆகியவற்றோடு பட்டத்தையும் விமானம் என்ற வரையறைக்குள் சேர்த்தது. 2024-இல் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் இயற்றினார்கள். இடைப்பட்ட தொண்ணூறு வருஷம் ஈர்க்குச்சிப் பட்டம் விட்ட தருமபுரிப் பையன்கள் அத்தனை பேரும், எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொண்டால், விமானிகள். அம்மி அந்த விமானத்தின் சரக்கா பயணியா என்று அதில் இல்லை.

தேவைப்படும் பொருள்கள்

அம்மிக்குத் தட்டுப்பாடில்லை. கள விசாரணையில் ஒரு பாட்டி உடனே ஒப்புக்கொண்டார்: “எடுத்துக்கிட்டுப் போ கண்ணு. மிக்சி வந்ததிலிருந்து கொல்லையில துணி தொவைக்கத்தான் கெடக்குது.” சேலை என்று தொடங்கியதும் முகம் மாறியது. “சேலையில கைய வெச்சின்னா தெரியும்.”

தீர்வு ரேஷன் கடையில் இருக்கிறது. 1983-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டப்படி பொங்கலுக்கு ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு சேலையும் ஒரு வேட்டியும் விலையில்லாமல் கிடைக்கின்றன. ஒரு வீட்டு அம்மியைத் தூக்குவதற்கு எவ்வளவு துணி வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. திட்டம் வகுத்தவர்களின் கணக்கு வியக்க வைக்கிறது. ஒரே சிக்கல், துணி வருவது தையில், காற்று வருவது ஆடியில். ஆறு மாதம் துணியைப் பெட்டியில் பூட்டி வைக்க நம்பிக்கையான ஆள் தேவை என்று கேட்டபோது, முன்வந்தவரும் அதே பாட்டிதான். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகையில் கட்டிக்கொள்ள ஆகும் என்கிறார்.