மெடல் மாமா

பாகான் டத்தோவில் தேங்காயைத் தட்டிப் பார்த்தே முற்றலா வழுக்கையா என்று சொல்லிவிடுவார்கள். மெடல் மாமாவிடம் ஒரு பதக்கத்தை நீட்டினால் ஓரத்தைத் தடவியே சாதகம் கணித்துவிடுவார்.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. தபால்தலையில் தொடங்கி, பழைய நோட்டில் கொஞ்சம் புரண்டு, கடைசியில் பதக்கத்தில் விழுந்து எழ முடியாமல் கிடப்பவர். நம் மாமாவுக்குச் சாதாரணப் பதக்கம் ஆகாது. போர்க்காலத்தில் கடல் ரோந்து போன விமானிகளுடையதாக இருக்க வேண்டும். "தரையில நின்னு சுட்டவன் லட்சம் பேர். பறக்கும் படகு ஓட்டினவன் எத்தனை பேர்டா?" என்பார். பறக்கும் படகு என்றால் கேட்டலீனா. சிங்கப்பூர் செலேத்தாரில் தண்ணீரிலேயே ஓடி எழும்பி, பொழுதெல்லாம் கடலைக் காவல் காத்த விமானம்.

லெனார்ட் பர்ச்சால் கதையைச் சொல்லாமல் அவர் வீட்டில் தேநீர் வராது. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலயிலிருந்து கேட்டலீனாவில் போய், கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, வானொலியில் எச்சரித்துவிட்டுச் சிறைப்பட்ட கனடா விமானி. பிற்பாடு 62 ஆண்டுச் சேவைக்கும் அடையாளம் வாங்கினார். இந்த இடத்தில் மாமா தொடையைத் தட்டுவார். "இங்க 60 வயசுல பென்ஷன். அவன் 62 வருஷம் சர்வீஸ்!"

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி ஈப்போ பழம்பொருள் சந்தைக்குப் போய்விடுவார். பிடித்த பொருள் கண்ணில் பட்டால் முகத்தைத் தேங்காய் மட்டைபோல வைத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் உடைந்த கடிகாரத்துக்கு விலை கேட்பார். ஒரே சட்டத்தில் பசிபிக் நட்சத்திரமும் பர்மா நட்சத்திரமும் தொங்கினால் சிரிப்பை அடக்க முடியாது. இரண்டையும் ஒரே ஆளுக்குத் தரமாட்டார்கள். ஒன்றைத் தந்து, மற்றதற்கு ரிப்பனில் ஒரு சின்னப் பட்டைதான். "ரெண்டு பேரைச் சேர்த்துக் கட்டி வச்சிருக்கான், பொருத்தமே பார்க்கல" என்று முணுமுணுத்தபடி நகர்வார்.

சிக்கல் வேறு இடத்தில். பிரிட்டிஷ் அரசு அந்த நட்சத்திரங்களில் வாங்கியவர் பெயரைப் பொறிக்காமலே அனுப்பிவிட்டது. அதனால் மாமா பதக்கத்தைவிட அது வந்த அட்டைப்பெட்டிக்கும், கூட இருந்த கடிதத்துக்கும், விமானியின் பறப்புக் குறிப்பேட்டுக்கும்தான் அதிகம் அழுவார். அத்தைக்கு இது பொறுக்காது.

"பேரே இல்லாத தகரத்துக்கு இவ்வளவு வெள்ளியா? நம்ம வீட்டு எவர்சில்வர் குடத்துலகூடப் பேர் வெட்டியிருக்கு!"

மாமாவிடம் இதற்குப் பதில் கிடையாது. குடத்தில் இருப்பது அத்தையின் அப்பா பெயர்.

கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும் பதக்கங்களுக்கு நடுவே ஒரு கொக்கி மட்டும் காலி. விற்றுவிட்டார் என்று ஊர் பேசும். நான் கேட்டபோது, "அது பேடலுக்கு" என்றார்.

பேட்ரிக் பேடல், 205ஆம் ஸ்குவாட்ரன். 1941 டிசம்பர் 7 காலை, சயாம் வளைகுடாவில் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போன கேட்டலீனாவின் விமானி. சுட்டு வீழ்த்தப்பட்ட அந்த விமானத்திலிருந்து எட்டுப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஜப்பானியர் கோத்தா பாருவில் கால் வைத்தது அன்று நள்ளிரவு தாண்டிய பிறகுதான்.

"அப்ப அவரோட பசிபிக் நட்சத்திரத்தைத் தேடுறீங்களா மாமா?"

மாமா முதல்முறையாகப் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"எங்கடா தேடுறது? ஒரு நாள் முந்திட்டானே."

பசிபிக் நட்சத்திரத்துக்கு நாள் கணக்கு 1941 டிசம்பர் 8இல்தான் தொடங்குகிறது.