தொட்டிக்குள் யாரோடு யார்?
வண்ணமீன் கேள்வி-பதில்

முதன்முதலாக மீன்தொட்டி வைக்கப் போகிறேன். எந்த மீனில் தொடங்கலாம்?
*- கல்லூரி மாணவர், கவரைப்பேட்டை*

தண்ணீரில் தொடங்குங்கள். மீன் அப்புறம்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். சனிக்கிழமை தொட்டி, ஞாயிற்றுக்கிழமை இருபது மீன் என்று அவசரப்பட்டால் அடுத்த ஞாயிறு தொட்டி காலி. பொறுக்க முடியாவிட்டால் நாலே நாலு கப்பியோடு ஆரம்பித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றி வாருங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாமல் ஓடுகிற தொட்டி இருந்தால், அந்த ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான் அது. சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கொளத்தூர் போய் ஆசையாகப் பத்து நியான் டெட்ரா வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார்களா?
*- அனல் மின்நிலைய ஊழியர், வள்ளூர்*

மீனைச் சந்தேகிக்கும் முன் உங்கள் வீட்டு போரைச் சந்தேகியுங்கள். குளித்தால் சோப்பு நுரைக்கிறதா? வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா? மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறி வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. வள்ளூர் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நியான் டெட்ராவின் சொந்த ஊரோ அமேசான் காட்டு ஓடை. உதிர்ந்த இலைகள் ஊறி டீ டிக்காஷன் நிறத்தில் ஓடும், உப்பே இல்லாத மெல்லிய தண்ணீர் அது. அந்த மீனை உங்கள் போர் தண்ணீரில் விட்டால் என்ன செய்யும், பாவம்!

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஆயிரத்தைத் தாண்டிக் காட்டினால் நியான், டிஸ்கஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். மோலி, கப்பி, பிளாட்டி, சோர்ட்டெயில் என்று குட்டி போடும் மீன்கள் உங்களுக்காகவே பிறந்தவை. கடின நீர்தான் இவற்றுக்குப் பிடிக்கும். மோலி இன்னும் ஒரு படி மேல். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்திலேயே வாழக்கூடியது. நான் பார்த்த ஒரு வீட்டில், ‘மீனுக்கு நல்ல தண்ணீர் கொடுப்போம்’ என்று ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றியிருந்தார்கள். கறுப்பு மோலி ஒன்று மூலையில் நின்ற இடத்திலேயே, குளிரில் நடுங்குகிற குழந்தை மாதிரி உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. நீந்த முயல்கிறது, நகர முடியவில்லை. போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொன்னேன். நாலைந்து நாளில் தொட்டியைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று. மீனைப் பையிலிருந்து நேராகக் கொட்டாதீர்கள். பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, பிறகு அரை மணி நேரத்துக்கு மேல், ஒவ்வொரு டம்ளராக உங்கள் தண்ணீரைப் பைக்குள் ஊற்றிப் பழக்குங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரைப் போன்ற தண்ணீரிலேயே சிமெண்ட் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைக்கும் பண்ணைக்காரர் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவரிடம் வாங்குங்கள். அந்த மீனுக்கு நீங்கள் எதையும் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

ஏஞ்சல் மீனுக்கு அடியில் நூல் மாதிரி இரண்டு நீளத் துடுப்பு இருந்தது. ஒரே வாரத்தில் பாதியாகக் குட்டையாகிவிட்டது. இது என்ன நோய்? கூட இரண்டு டைகர் பார்ப் இருக்கின்றன.
*- குடும்பத் தலைவி, பொன்னேரி*

நோயின் பெயரைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மா!

சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு அசையாமல் ஐந்து நிமிடம் தொட்டி முன்னால் உட்காருங்கள். ஏஞ்சல் மெதுவாகத் திரும்பும்; அந்த நூல் தண்ணீரில் புழுபோல நெளியும். பின்னாலிருந்து ஒரு டைகர் பார்ப் அம்புபோல வந்து ஒரு கொத்து கொத்திவிட்டு ஓடும். டைகர் பார்ப் கூட்டமாக வாழ வேண்டிய மீன். எட்டு, பத்து இருந்தால் சண்டையைத் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும். ‘ஒரு ஜோடி கொடுங்க’ என்று வாங்கி வந்தால் அடுத்தவர் துடுப்பில்தான் பொழுதுபோக்கும். பிரித்துவிடுங்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும்.

ஏஞ்சலையும் அப்பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். அது சிக்லிட் குடும்பம். வளர்ந்தபின் கப்பிக் குட்டியையும் சின்ன நியானையும் ஒரே வாயில் விழுங்கும். வாய்க்குள் போகிற அளவில் இருப்பதெல்லாம் அதற்குத் தீனிதான். தன் அளவுள்ள, சாதுவான மீன்களோடு, உயரமான தொட்டியில் வைத்தால் அழகாக வாழும்.

ஃபைட்டரைக் கப்பியோடு விடலாமா?
*- பள்ளி மாணவி, அத்திப்பட்டு*

வேண்டாம் கண்ணு. ஆண் கப்பியின் வண்ண வாலைப் பார்த்தால் ஃபைட்டருக்கு இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டதாகத் தோன்றும். அதைத் தனியாக வை. தனியாக என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இல்லை! மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன் என்பதால் பாட்டிலில் சாகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். 15, 20 லிட்டர் தண்ணீரும் ஒளிந்துகொள்ள ஒரு செடியும் கொடுத்துப் பார். அது வாலை விரித்து நீந்துவதை அப்போதுதான் பார்ப்பாய்.

கோல்டு ஃபிஷ்ஷை மற்ற மீன்களோடு சேர்க்கலாமா?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவள்ளூர்*

கூடாது ஐயா. கெண்டைக் குடும்பத்து மீன் அது. குளிர்ந்த தண்ணீர் கேட்கும், நிறையத் தின்னும், நிறைய அழுக்காக்கும். நம் அக்னி நட்சத்திர வெயிலில் அதைக் காப்பாற்றுவதே தனி வேலை. சூடு கூடக்கூட தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அமோனியாவின் வீரியம் கூடும். ஆசை இருந்தால் பெரிய தொட்டியில் கோல்டு ஃபிஷ் மட்டும் வையுங்கள்.

சிப்காட்டில் 12 மணி நேர ஷிப்ட். நாலு பேர் தங்கியிருக்கும் அறை. இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறேன். சண்டை சச்சரவு இல்லாமல் யார் யாரை வைக்கலாம்?
*- இயந்திர இயக்குநர், கும்மிடிப்பூண்டி*

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரப் பகுதியை எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் கணக்குப்படி 56 லிட்டர். கல், மேல் இடைவெளி போக 45 லிட்டர் தேறும். அதற்குள் மூன்று மாடி இருப்பதாக நினையுங்கள். மேலேயும் நடுவிலும் வரிவரியாய் ஓடித்திரிய ஆறு ஜீப்ரா டேனியோ. நம் நாட்டு மீன்தான். கங்கைச் சமவெளியைச் சேர்ந்தது. வெயில், பனி, உப்பு எல்லாவற்றையும் ஓரளவு தாங்கும். நடுவில் பிளாட்டி: ஆண் ஒன்று, பெண் மூன்று. ஆண் அதிகமானால் பெண்ணைத் துரத்தித் துரத்தியே சோர்வடைய வைத்துவிடும். தரையில் அயிரை நாலைந்து. நைசான மணல் போட்டால் கண் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும். குழம்பில் மட்டுமே பார்த்த அயிரை இரவில் துறுதுறுவென்று மணலைத் துழாவித் தின்பதைப் பாருங்கள், பிறகு அதைத் தட்டில் பார்க்க மனசு வராது. இத்தோடு நிறுத்துங்கள். இன்னும் பத்து மீனுக்கு இடமிருப்பதாகக் கண் சொல்லும். கேட்காதீர்கள்.

ஷிப்டால் மீனுக்குக் கெடுதல் இல்லை. ஒரு நாளைக்கு ஒருவேளை தீனி போதும். கெடுதல் அறை நண்பர்களால்தான் வரும். காலையில் வந்தவர் ஒரு சிட்டிகை, மதியம் எழுந்தவர் ஒரு சிட்டிகை, இரவு கிளம்புகிறவர் ஒரு சிட்டிகை. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. மிச்சத் தீனி அழுகித் தண்ணீர் பால்போல் கலங்கும். தொட்டியில் ஒரு தாளை ஒட்டி, தீனி போட்டவர் ‘டிக்’ அடிக்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போனால் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் ஆரோக்கியமான மீனுக்கு ஒன்றும் ஆகாது.

புயல் நேரத்தில் கரண்ட் போனால்?
*- வாசகர், மீஞ்சூர்*

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நம் பக்கம் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால், மணிக்கொரு தடவை தொட்டித் தண்ணீரையே சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். தீனியை நிறுத்திவிடுங்கள். மீன் குறைவாக உள்ள தொட்டிதான் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் மீன் இப்போது ஒரு அடிக்கு வளர்ந்துவிட்டது. ராத்திரியில் மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. கொல்ல மனமில்லை. பூண்டி ஏரியில் விட்டுவிடலாமா?
*- கடை உரிமையாளர், ஊத்துக்கோட்டை*

தயவுசெய்து விடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

கொல்ல மனமில்லை என்கிற உங்கள் ஈரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏரியில் விட்டால் அங்கே இருக்கிற மீன்கள் பாதிக்கப்படும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீனின் உடம்பு கவசம் போன்றது. நம் ஏரியில் அதை அடக்க ஆளில்லை. கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். வலையில் சிக்கினால் அதன் முள் வலையைக் கிழிக்கும். சந்தையில் விலை போகாது. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் ஏற்கெனவே பெருகி, மீன்பிடிக்கிறவர்கள் கையில் கெண்டைக்குப் பதில் இதுதான் வருகிறது. வெளிநாட்டு மீன் எப்படிப் பரவும் என்று பாருங்கள்: 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டை இன்று எந்த ஏரியில் இல்லை, சொல்லுங்கள்? கண்டலேறிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் உங்கள் ஊர் வழியாகத்தான் பூண்டிக்குப் போகிறது. அங்கிருந்து புழல் வரை கால்வாய்த் தொடர்பு இருக்கிறது. உங்கள் ஒரு மீன் அத்தனை தூரமும் போகலாம்.

மூடி போட்ட வாளியில் வைத்து, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசு கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரையாவது தேடுங்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அங்கே யோசனை கேளுங்கள். அதுவரை உங்கள் வீட்டு சிமெண்ட் தொட்டியில் தனியாக இருக்கட்டும். ஏரிக்கரைக்கு மட்டும் அந்த வாளியைக் கொண்டு போகாதீர்கள்.