நாவலுக்கு எத்தனை முழம்?

அமெரிக்காவில் அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் நெபுலா விருதில் கணக்கு கறார்: 17,500 சொல்லிலிருந்து குறுநாவல், 40,000-ஐத் தொட்டால் நாவல்.

தமிழில் இது எடுபடாது. 'வந்துகொண்டிருந்தவனைப்பற்றி' என்று சேர்த்து அடித்தால் ஒரு சொல், பிரித்தால் நாலு. 39,000-இல் திணறுகிறவர் இடைவெளிப் பட்டையைத் தட்டியே நாவலாசிரியர் ஆகிவிடலாம். பிழைதிருத்துபவர் கண்டிப்பான பண்டிதராக வாய்த்தால் பதவி பறிபோகும்.

யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) ஒல்லிப் புத்தகம்தான். அகதி விண்ணப்பத்தில் தொடங்கி, தீவுக் கிராமம், போராளி இயக்கம், பாரிஸ் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. யாரும் அதைக் குறுநாவல் என்று குறைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த நாவலுக்கு (2004) அவர் வைத்த தலைப்பு 'ம்'. சொல் எண்ணும் நடுவர் அட்டையிலேயே மயங்கி விழுந்திருப்பார்.

அவருடைய யாழ்ப்பாணத் தீவகத்தாருக்கு வேறு அளவுகோல் தரலாம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நயினாதீவில் இறங்குவதற்குள் முடிந்தால் சிறுகதை. நெடுந்தீவு வரை, ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் குறுநாவல். நாவல் என்பது சோளகக் காற்று எழும்பிப் படகு ஓடாத நாளில் இறங்குதுறையில் குந்தியிருந்து வாசிப்பது. விமர்சகர்கள் ஒப்பமாட்டார்கள்; அவர்களில் பலர் முன்னுரையோடு கரையிலேயே நின்றுவிடுகிறவர்கள்.