மாஹே தீவிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் ஆப்பிரிக்கக் காட்டில் சிங்கங்களுக்கு நடுவே கணக்கெழுதிக்கொண்டிருப்பதாக நீங்கள் டீக்கடையில் சொல்லி வருவதாகத் தகவல் வந்தது. கேட்கக் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் செஷல்ஸில் சிங்கம் கிடையாது. மனுஷன் வந்து இறங்குவதற்கு முன்னால் இங்கே தரையில் இருந்த பாலூட்டி இனம் வவ்வால் ஒன்றுதான். அதையும் இவர்கள் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைக்கிறார்கள். நீ சாப்பிட்டாயா என்று சித்தி கேட்பாள். அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

நாடு எவ்வளவு பெரிசு என்று கேட்டிருந்தீர்கள். தீவுகள் 115. அத்தனையையும் சேர்த்தால் சுமார் 455 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை லட்சத்துச் சொச்சம், நம் கும்பகோணத்தைவிடக் குறைவு. இதற்கு ஒரு ஜனாதிபதி, ஒரு நாடாளுமன்றம், சொந்த ரூபாய், சொந்த விமானக் கம்பெனி. ஆனால் கடலையும் கணக்கில் சேர்த்தால் எல்லை 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் போகிறது, பத்துத் தமிழ்நாடு! மீன்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தால் நாளைக்கே வல்லரசு.

இவ்வளவு சின்ன நாட்டில் ரகசியம் தங்காது. காலையில் ஆபீசுக்கு மட்டம் போட்டால், மத்தியானம் சந்தையில் மீன்காரர் "காய்ச்சல் தேவலையா?" என்கிறார். மட்டம் போட்டவன் சந்தைக்கு எதற்கு வந்தான் என்பதையும் சாயங்காலத்துக்குள் மேலாளரிடம் யாராவது விசாரித்துவிடுவார்கள்.

தலைநகர் விக்டோரியாவை அரை மணியில் நடந்து முடிக்கலாம். நட்டநடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு மணிக்கூண்டு. லண்டனில் இருக்கும் ஒன்றைப் பார்த்துச் செய்து, 1903இல் இங்கே நிறுத்தினார்கள். கப்பலிலிருந்து இறக்கும்போது பெண்டுலம் கடலில் விழுந்துவிட்டதாம். அதனால் கூண்டு மணி காட்டியதே தவிர அடிக்கவில்லை. 1999இல்தான் சரி பண்ணினார்கள். 96 வருஷம் ஒருத்தருக்கும் அவசரமில்லை. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த சேதி இதுதான்.

விலைவாசியை மட்டும் கேட்காதீர்கள். அரிசி கப்பலில் வருகிறது, வெங்காயம் கப்பலில் வருகிறது. கப்பல் தாமதமானால் ஊரே துறைமுகத்தைப் பார்த்து நிற்கும். பஸ் மட்டும் நம்ம டாட்டா பஸ். மலைச்சாலை வளைவில் அது உறுமும்போது கண்ணை மூடிக்கொண்டால் கொல்லிமலை. உள்ளூரில் தாராளமாகக் கிடைப்பவை மீனும் சீமைப்பலாவும். இங்கே சீமைப்பலா தின்றவன் எங்கே போனாலும் திரும்பி வருவான் என்று ஒரு நம்பிக்கை. நான் அதன் வறுவலைக் கொறிக்கும்போதெல்லாம் மேலாளர் என்னைப் பிரியமாகப் பார்க்கிறார்.

என் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்துவிட்டுச் சித்தி "என்னடா கண்றாவி இது?" என்றாளாமே. அது கடல்தேங்காய், நாட்டு மருந்துக்கடையில் சொல்வார்களே, அதேதான். அதன் வடிவம் அப்படி. முத்திரை குத்தியவர் மேல் தப்பில்லை. உலகத்திலேயே பெரிய விதை. ஒரு காய் 25 கிலோ வரை போகும், முற்ற ஆறேழு வருஷம் எடுத்துக்கொள்ளும். பிரலென் தீவில் வாலே த மே என்ற காட்டில் இந்த மரங்கள் நிற்கின்றன. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. புயலடிக்கும் ராத்திரியில் ஆண் மரங்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டு பெண் மரங்களைத் தேடி நடக்கும், பார்த்தவன் உயிரோடு இருக்கமாட்டான் என்று கதை. பார்த்தவன் உயிரோடு இல்லையென்றால் கதையை யார் சொன்னது என்று கேட்டேன். வழிகாட்டிக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அந்தக் காட்டைப் பார்த்த கார்டன் என்ற ஆங்கிலத் தளபதி, ஆதாம் ஏவாள் இருந்த தோட்டமே இதுதான் என்று எழுதியே வைத்தார். அனுமதிச் சீட்டு இல்லாமல் காயை நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. பூஜை அறைக்கு ஒன்று வேண்டும் என்ற உங்கள் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.

இங்குள்ள கருங்கல் பாறைகள் ஒரு காலத்தில் நம் இந்தியாவோடு ஒட்டியிருந்தவையாம். சுமார் 6.5 கோடி வருஷம் முன்னால் பாகப்பிரிவினை ஆகியிருக்கிறது. நம் குடும்பத்தைப் போல் கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தது ஆச்சரியம். 1770இல் முதலில் குடியேறிய கூட்டத்திலேயே ஐந்து இந்தியர்கள் உண்டு. பிறகு நம்மவர்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள். இப்போது பிள்ளை, படையாட்சி என்று பெயர் வைத்திருப்பவரிடம் ஆசையாகத் தமிழில் பேசினால், புன்னகையோடு கிரியோலில் பதில் வரும். ஆனால் 1992இல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில் விக்டோரியாவில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி தெருவில் வரும்போது தமிழ் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரும் அரோகரா.

அரசியல் இல்லாமல் உங்களுக்குக் கடிதம் ருசிக்காது. 1976இல் சுதந்திரம். அடுத்த வருஷம் ஜனாதிபதி மான்சம் மாநாட்டுக்கு லண்டன் போன சமயத்தில், பிரதமர் ரெனே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரெனேயைக் கவிழ்க்க 1981 நவம்பரில் ஒரு கூலிப்படை விமானத்தில் வந்து இறங்கியது. தலைவன் மைக் ஹோர், படிப்பால் என்னைப் போல் கணக்குப்பிள்ளை! பியர் குடிப்போர் சங்கம் என்று சொல்லிக்கொண்டு, பைகளில் ஏழைக் குழந்தைகளுக்கான பொம்மைகளை மேலே அடுக்கி, அடியில் துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். சுங்க அதிகாரி ஒரு பையைத் துழாவினார். குட்டு வெளிப்பட்டு விமான நிலையமே போர்க்களமானது. கடைசியில் பம்பாய் போகிற வழியில் பாவமாக வந்து இறங்கிய நம் ஏர் இந்தியா விமானத்தைக் கடத்திக்கொண்டு டர்பனுக்குத் தப்பினார்கள்.

சித்தியிடம் மோர்மிளகாயும் நார்த்தங்காயும் கேட்டிருக்கிறேன். பார்சல் மேல் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். மானம் போகிறதென்று "விளையாட்டுச் சாமான்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன் முறை
ரங்கன்