பட்டாலாவின் மண்சுவர்

கேள்வி: பெயரோடு ஊரையும் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் பஞ்சாபியருக்கும் உண்டா?

பதில்: தாராளமாக! கவிஞர் சிவகுமார் பட்டால்வி ஒருவர் போதாதா? இத்தனைக்கும் பட்டாலா அவர் பிறந்த ஊர் அல்ல. பிறந்த கிராமம் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பட்டாலாவில் வங்கி குமாஸ்தாவாகவும் இருந்தார். கணக்கைவிடக் காதல் சோகம்தான் நன்றாக வந்தது. ‘லூணா’ கவிதை நாடகத்துக்காக 1967-இல் சாகித்திய அகாதமி விருது. 1973-இல், 36 வயதில், மறைவு.

அந்த ஊருக்கு அவரைவிடப் பழைய பிரபலம் ஒன்று உண்டு: ஒரு மண்சுவர்! 1487-இல் குருநானக் சுலக்கனியை மணக்கப் பட்டாலா வந்தபோது அதனருகே அமர்ந்தாராம். “தம்பி, சுவர் விழுந்துவிடப் போகிறது” என்று ஒரு பாட்டி எச்சரிக்க, “யுகயுகமாக நிற்கும்” என்றாராம் மாப்பிள்ளை. கந்த் சாகிப் குருத்வாராவில், கண்ணாடிக்குள் அது இன்றும் நிற்கிறது. நம் ஒப்பந்தக்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வார்ப்பட இரும்புக்கும் கடைசல் இயந்திரங்களுக்கும் பேர்போன தொழில் நகரம் அது. ஆனால் ஆண்டுதோறும் குருவின் திருமண நாளுக்கு ஊரே திரள்வது அந்த மண்சுவரைப் பார்க்கத்தான்.