சர்க்கரைக்குப் பதில்

இம்முறை வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீரிழிவு மருந்தைப் பற்றியனவாகவே இருந்தபடியால், அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை அளித்துவிட்டு அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

நீடாமங்கலம் வாசகர்: கோயில்வெண்ணிக் கரும்பேஸ்வரர் சந்நிதியில் ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புகளுக்கு இட்டு வந்துவிட்டேன். இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தும்படி ஈசுவரன் எந்த அர்ச்சகர் மூலமாகவும் உத்தரவு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எறும்பு தின்னத் தின்ன நம் உடம்பின் சர்க்கரை குறையும் என்ற நம்பிக்கையோடு தாங்கள் போய்வந்ததில் எனக்கு ஆட்சேபமில்லை; ஒரு கைப்பிடிச் சர்க்கரை தங்கள் வாய்க்குப் போகாமல் எறும்பின் வாய்க்குப் போன வரையில் அது பத்தியத்துக்கும் அனுகூலமே. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு வியாதியை நிச்சயித்த நம் பழைய வைத்தியர்களும் எறும்பைச் சாட்சிக்கு அழைத்தவர்கள்தாம். ஆனால் சாட்சியையே வைத்தியராக நியமித்துவிடும் அளவுக்கு அவர்கள் போகவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் டாக்டரிடம் விடுங்கள்.

பாபநாசம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: இம்மருந்துகள் யாவும் ரொட்டி தின்னும் சீமையில் பரீட்சிக்கப்பட்டவை. மூன்று வேளையும் சோறு உண்ணும் நம் சரீரத்துக்கு அவை பொருந்தும் என்று யார் கண்டார்கள்?

பதில்: ராயபுரத்தில் கண்டார்கள், ஐயா. பேராசிரியர் எம். விசுவநாதன் 1954-இல் சென்னை ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே தொடங்கிய ஆஸ்பத்திரியில், டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்னும் நிலையிலிருந்த 531 பேரைத் திரட்டி நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முதற் பிரிவினருக்கு எல்லாருக்கும் சொல்லும் சாதாரண ஆலோசனை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின் என்னும் நீரிழிவு மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இவை இரண்டும். மூன்று ஆண்டுக் கணக்கில் பார்த்தபோது, முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கும், மாத்திரை விழுங்கியவர்களில் ஏறக்குறைய 40 பேருக்குமே வந்தது. 2006-இல் வெளியான இந்த முடிவில் என்னை மிகவும் வசீகரித்தது நான்காம் பிரிவுதான்: இரண்டையும் செய்தவர்களுக்கு இரட்டிப்புப் பலன் கிடைத்திருக்க வேண்டும் என்று தாங்களும் நானும் கணக்குப் போடுவோம், கிடைத்ததோ அதே 39 சொச்சம்.

இதற்கு முன் அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியிட்ட பரீட்சையில் மெட்பார்மினை 850 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை கொடுத்தார்கள். ராயபுரத்திலோ 250 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளைதான். அங்கே வியாதி வரும் வாய்ப்பு 31 சதவீதம் குறைந்தது. இங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த மருந்திலேயே 26 சதவீதம் குறைந்தது. ஆனால் நடையும் பத்தியமும் அங்கே 58 சதவீதம் குறைத்தன, இங்கே 28-தான். ஆகவே சீமைக் கணக்கை அப்படியே நம் ஏட்டில் பெயர்த்து எழுதக் கூடாது என்ற தங்கள் சந்தேகம் நியாயமானதே. அந்தச் சந்தேகம் தங்களுக்கு முன்பே சென்னை டாக்டர்களுக்கு வந்து, அவர்கள் அதைப் பரீட்சித்தும் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் விசேஷம். ஒன்றும் புதிதாகப் பெறாத அந்த முதற் பிரிவினர் இல்லாதிருந்தால், மற்ற மூன்று எண்களுக்கும் அர்த்தமே இராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அது நமக்கு உபயோகப்படும்.

ஒரத்தநாடு விவசாயி: நாள் முழுதும் வயலில் கிடக்கிறவனையும் டாக்டர் நடக்கச் சொல்கிறாரே, இது என்ன நியாயம்?

பதில்: ராயபுரத்துப் பரீட்சையில், உடலுழைப்பு செய்கிறவர்களையும் ஏற்கெனவே நாளைக்கு அரை மணிக்கு மேல் நடப்பவர்களையும், செய்துவருவதைத் தொடர்ந்து செய்யுங்கள் என்றுதான் சொன்னார்கள். தாங்கள் நாற்று நடுபவரானால் டாக்டரிடம் வாதாடலாம். நடவு எந்திரமும் டிராக்டரும் உழைக்க, வரப்பில் குடையோடு நின்று மேற்பார்வை பார்ப்பவரானால், பேசாமல் நடப்பதே உத்தமம்.

வலங்கைமான் வாசகி: வேலியோரத்தில் படர்ந்திருக்கும் சிறுகுறிஞ்சானை விட்டுவிட்டுக் கடையில் காசு கொடுப்பது அறிவீனம் அல்லவா?

பதில்: அம்மா, அதன் இலையை மென்றபின் சர்க்கரையை நாவில் இட்டால் மணலைப்போல் இருக்கும் என்பது பிரத்யட்சம், நாக்கை ஏமாற்றுவதில் அதற்கு நிகரில்லை. ரத்தத்தையும் வழிக்குக் கொண்டுவருமா என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் என்னும் உயிர்வேதியியல் அறிஞரின் குழுவினர் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டார்கள். வழக்கமான மாத்திரையோடு இந்த இலைச்சத்தை நாளைக்கு 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் உட்கொண்ட 22 பேரில், 5 பேர் மாத்திரையை விட்டுவிடும் நிலைக்கு வந்தார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் 22 என்பது ஒரு கல்யாணப் பந்தியின் ஒரு வரிசைக்குக்கூடக் காணாத தொகை. சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட்ட பரீட்சையும் அல்ல அது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ராயபுரத்து அளவில் ஒரு பரீட்சை இந்த இலைக்கு வாய்க்கவில்லையே என்பது என் நெடுநாளைய வருத்தம். குற்றம் கொடியின்மீது இல்லை. வேலியில் முளைப்பதற்குக் காப்புரிமை கிடைக்காது, காப்புரிமை இல்லாததற்குப் பணம் போட ஆள் கிடைக்காது. அதுவரை, மாத்திரையோடு பொடியையும் டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்து விழுங்கிச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வேண்டாம்.

கும்பகோணம் வாசகர்: இங்கிலீஷ் மாத்திரை வெறும் ரசாயனம். எனக்கு மூலிகைதான் வேண்டும். தங்கள் அபிப்பிராயம்?

பதில்: அப்படியானால் மெட்பார்மினையே சாப்பிடுங்கள். ஐரோப்பியப் புல்வெளிகளில் பூக்கும் கலீகா என்ற செடியின் சத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் வழித்தோன்றல் அது. 1922-லேயே ஆய்வுக்கூடத்தில் உருவாகியும், கவனிப்பாரின்றிக் கிடந்து, 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்னும் டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதிய பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்கர்கள் அதற்கு அனுமதி அளித்தது 1994-இல். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இக்காலத்து மாத்திரைகளின் மூதாதையும் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஒரு பொருள்தான். அந்த இனத்தைச் சேர்ந்த எம்பாகிளிப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததும், நம் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு தயாரித்ததில் அதன் விலை மளமளவென்று இறங்கியது. மூலிகையில் பிறந்ததாலேயே எந்த மருந்தும் சாது ஆகிவிடாது; ஆய்வுக்கூடத்தில் பிறந்ததாலேயே துஷ்டனும் ஆகிவிடாது. 1942-இல் பிரான்ஸின் மோன்பெலியே நகரில் டைபாய்டுக்கென்று ஒரு கந்தக மருந்தைக் கொடுத்துப் பார்க்க, நோயாளிகளுக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துபோயிற்று. அந்த விபரீதத்தை ஆராய்ந்ததில்தான் சல்பொனைல்யூரியா என்னும் நீரிழிவு மாத்திரைகள் பிறந்தன.

மயிலாடுதுறை ஜோதிடர்: பல்லியிலிருந்து சர்க்கரை மருந்து எடுக்கிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான், தங்கள் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கீலா என்ற நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் ஒரு புரதத்தை ஜான் எங் என்ற நியூயார்க் டாக்டர் கண்டுபிடித்து 1992-இல் வெளியிட்டார். நம் குடலில் சுரந்து, இன்சுலினைத் தூண்டிவிட்டுச் சில நிமிஷங்களில் மறைந்துவிடும் ஒரு ஹார்மோனின் வேலையை அது செய்தது. எளிதில் மறையவும் இல்லை. அதன் நகல் 2005-இல் ஊசி மருந்தாக வந்தது. வாரத்துக்கு ஒரு முறை போட்டு எடையையும் குறைத்துக்கொள்ளும் இன்றைய ஊசிகள் அந்த வழியில் வந்தவையே. பல்லியை யாரும் பிழிவதில்லை, சகுனத்துக்கும் பங்கமில்லை.

மன்னார்குடி மிராசுதார்: பொன்னி அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா உண்டால் மாத்திரை வேண்டாம் என்கிறார்கள். தங்கள் தீர்ப்பு?

பதில்: பொன்னியின்மீது வழக்கு இல்லை, அதைத் தவிடு ஒட்டாமல் தீட்டித் தீட்டி மல்லிகைப்பூவாக்கி, மலையாகக் குவித்து உண்கிற நம்மீதுதான். தீட்டிய அரிசியை அதிகம் உண்பவர்களிடையே நீரிழிவும் அதிகம் என்று சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009-இல் எழுதினார்கள். மாப்பிள்ளைச் சம்பாவைத் தவிட்டோடு உண்பது நல்லதே. அதுவும் மாவுச்சத்துதான் என்பதை அளவுக்கரண்டி மறந்துவிடக் கூடாது. சோற்று தேசத்துக்கென்றே அவதரித்தது போன்ற மருந்து ஒன்றும் உண்டு: அகார்போஸ், உண்ட சோறு குடலில் சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. தாமதப்பட்ட சோறு கீழே போய் வாயுவாக மாறிவிடுவதால், கச்சேரியில் முன்வரிசையில் உட்காரும் ரசிகர்கள் அதைச் சற்று அஞ்சுகிறார்கள்.

திருவையாறு ரசிகர்: மாத்திரை போட்டுக்கொண்டு அசோகா அல்வா சாப்பிடலாமா?

பதில்: ஒரு கரண்டி என்று கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். தாங்கள் அளவைக் குறிப்பிடாததிலிருந்தே விடை விளங்குகிறது.

தஞ்சாவூர் கல்லூரி மாணவர்: எங்கள் தாத்தா, செல்போன்தான் சகல வியாதிக்கும் காரணம் என்கிறார். சர்க்கரைக்குமா?

பதில்: தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், வியாதியின் விளிம்பிலிருந்த 537 ஆண்களில் பாதிப்பேருக்கு உணவையும் நடையையும் பற்றிய குறுஞ்செய்திகளைச் செல்போனில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருஷத்தில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கு. 2013-இல் வெளியான முடிவு இது. மருந்தின் பெயரால் ஒரு மில்லிகிராம்கூடச் செலவாகவில்லை. ஆனால் படுத்துக்கொண்டே சினிமா பார்க்கும் செல்போனுக்கு இந்தப் புண்ணியம் சேராது என்பதையும் தாங்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: புதிய மருந்தைப் பரீட்சிக்க என்னைச் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலியாகிவிடுவேனோ என்று பயம். சேரலாமா?

பதில்: எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, தங்களிடம் கேட்டாக வேண்டும், எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் சுதந்திரமும் தங்களுக்கு உண்டு. மேலே சொன்ன 531 பேரும் அப்படிச் சேர்ந்தவர்களே. அவர்கள் சேர்ந்திராவிட்டால், நம்மவருக்கு எந்த அளவு போதும் என்பதை இன்றைக்கும் அமெரிக்கக் கணக்கைப் பார்த்தே ஊகித்துக்கொண்டிருப்போம். தங்களுக்குப் புது மருந்து கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்; அதைச் சீட்டுத்தான் தீர்மானிக்கும். இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரீட்சைகளை அரசின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது 2009 ஜூனிலிருந்து விதி. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெறிக்குழு அனுமதித்ததா, தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, பரீட்சை முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பவற்றையும் கேளுங்கள். தமிழில் அச்சிட்ட சம்மதப் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், முழுவதும் படித்து, விளங்காத இடத்தில் கோடிட்டு, மறுநாள் திரும்பப் போய்க் கேட்டுத் தெளிந்தபின் கையெழுத்திடுங்கள்.