வியாழன் மாலை, மொட்டை மாடியில்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போவதை எங்கள் குடியிருப்பில் எல்லோரும் நடைப்பயிற்சி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக, யாரோ காயப்போட்ட நைட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என் மகள் வயதுப் பெண் ஒருவரிடம் ஐம்பது நிமிடம் துக்கம் சொல்கிறேன் என்று தெரிந்தால், நாற்பது வருடத்துக்கு முன்பு திருச்சியில் என் பெயரில் திரிந்த அந்தப் பையன் முதல் ஆளாகக் கைகொட்டிச் சிரித்திருப்பான்.

அவனுக்கு மனசு என்றால் சினிமாப் பாட்டில் வருகிற சமாச்சாரம். அது கெட்டுப்போனால் கீழ்ப்பாக்கம். 1794-இல் சென்னையில் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியின் வாசலைக்கூடப் பார்க்காமலே, பேருந்தில் யாராவது தனக்குத்தானே பேசினால் "கீழ்ப்பாக்கம் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கண்டக்டரிடம் சொல்லி, நாலு பேர் சிரித்ததும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

வைத்தியம் எங்களிடமும் இருக்கத்தான் செய்தது. வங்கித் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்று, ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என்னை, "எந்திரிடா தம்பி, பெருமாள் தீர்த்தம் மூஞ்சில பட்டா எல்லாம் தெளிஞ்சிரும்" என்று அம்மா குணசீலம் பெருமாள் கோயிலுக்கு இழுத்துப் போனாள். அங்கே 48 நாள் தங்கி இருப்பவர்கள் உண்டு. நான் ஒரே நாளில் தெளிந்தேன். திரும்பும் வழியில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி அம்மா வாங்கித் தந்த வெள்ளரிப் பிஞ்சுக்கும் அதில் பங்கு உண்டு என்றே இன்றும் நினைக்கிறேன்.

சென்னைக்கு வேலைக்குப் போன சிநேகிதனுக்கு இன்லேண்ட் கடிதத்தில், ஒட்டுகிற மடிப்பு வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதுவேன். பதில் வரப் பத்து நாளாகும். அதற்குள் துக்கம் எனக்கே மறந்துபோய், அவன் உருகி எழுதியதைப் படித்துத்தான், அடடா, நமக்கு ஒரு கஷ்டம் இருந்ததல்லவா என்று ஞாபகம் வரும். தபால் இலாகா தனக்கே தெரியாமல் செய்த வைத்தியம் அது.

போன வருடம் மனைவி போனாள். பெங்களூரில் இருக்கும் மகள் என்னைக் கேட்காமலே பணம் கட்டி, நேரம் குறித்து, "சும்மா பேசுங்கப்பா" என்று ஒரு லிங்க்கை அனுப்பினாள். (பணம் கட்ட முடியாதவர்களுக்கு 14416 இருக்கிறது; 2022 அக்டோபரிலிருந்து அரசே இரவு பகலாக நடத்தும் இலவச எண்.) 2020 மார்ச் 25-இல் நாடே கதவைச் சாத்திக்கொண்டதும், மருத்துவர்கள் தொலைவிலிருந்தே வைத்தியம் பார்க்கலாம் என்ற வழிகாட்டுதல் அதே தேதியில் வந்ததும் நினைவிருக்கலாம். வாசல் பூட்டிய அன்றே ஜன்னல் திறந்தது. மனநல கவுன்சிலர்களும் அந்த ஜன்னல் வழியாகத்தான் வீடு வீடாக நுழைந்தார்கள்.

முதல் நாள் ஒன்பது கேள்விகள்: தூக்கம் எப்படி, பசி எப்படி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. குறைவாக வாங்கினால்தான் நல்லது என்கிற அந்த ஒரு பரீட்சையில் நான் நிறைய வாங்கினேன்.

மூன்றாம் வாரம், மனைவியின் மருந்து டப்பாவில் மிச்சமிருந்த வியாழக்கிழமை மாத்திரையைப் பற்றிச் சொல்ல வந்து, தொண்டை அடைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"சார், நெட் கட் ஆயிடுச்சா?"

"இல்லம்மா. நான்தான்."

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலம் ஆற்றும் என்று சொல்லவில்லை, உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் என்று தொடங்கவில்லை. அவர் வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. எங்கள் பழைய டீக்கடையாக இருந்திருந்தால் மாஸ்டரே அதற்குள் மூன்று யோசனையும் ஒரு ஜோசியர் விலாசமும் கொடுத்திருப்பார். சுற்றிலும் அத்தனை காதுகள் இருந்த காலத்தில் சும்மா கேட்க ஒருவரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆனால் டீக்கடையில் துக்கம் சொன்னால் சிநேகிதன் என்னை வீடு வரை கொண்டு விட, நான் அவனை அவன் தெருமுனை வரை விட, மறுபடி அவன் என்னை என்று பதினொரு மணி ஆகிவிடும். இங்கே ஐம்பதாவது நிமிடம் திரை அணைந்ததும் நானும் நைட்டிகளும்தான்.

போன வாரம் வேறொன்று சொன்னேன். கல்லூரி விடுதியில் அடுத்த அறைப் பையன் தூங்காமல் ராத்திரி முழுக்க வராந்தாவில் நடப்பான். 'கீழ்ப்பாக்கம்' என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான். அதைப் பாராட்டி பஜ்ஜி வாங்கித் தந்தார்கள். இரண்டாம் வருடம் அவன் வரவில்லை. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு இந்த மாடியில் நடப்பது நான்.

"இப்ப அவர்கிட்ட என்ன சொல்லணும்னு தோணுது சார்?" என்று மட்டும் கேட்டார். மணி 6.50. தப்பித்தேன்.

அவன் எண் கல்லூரி வாட்ஸப் குழுவில் கிடைத்துவிட்டது. இன்லேண்டாக இருந்தால் எழுதிப் போட்டிருப்பேன். இன்னும் கூப்பிடவில்லை.